ராஜநாச்சியார் அடி வாங்கிய மாதம்

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைக் காட்சி. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. வலது கையில் கல் வளையல், மூக்குத்தி இடது பக்கம். மருமகள் முகத்தில் கொதிக்கிற ரசத்தை ஊற்றுகிறேன். மிச்சப் பாதியை வியாழனன்று எடுப்பார்கள். முந்தானையில் ரசக்கறை அப்படியே இருக்க வேண்டும்.

இந்தக் குறிப்பு எழுதும் பழக்கமே அதற்காக வந்ததுதான். ஒரே காட்சியை இரண்டு மூன்று நாள் பிரித்து எடுப்பார்கள். வளையல் மாறினால் வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னத்திரையில் இருபத்தேழு வருடம். அதில் பதினோரு வருடம் இந்த ஒரு தொடரில், இந்த ஒரே ராஜநாச்சியாராக. பத்மலோசனி என்று கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்க நேரமாகிறது.

ரசம் வெறும் வெந்நீர். அந்தப் பெண் அலறிய அலறலில் லைட்மேன் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் குளியலறையில் வழுக்கிவிட்டது. சோப்புப் பலகை பட்டு இடது கன்னம் வீங்கியிருந்தது. மேக்கப் போடும் ரெஜினா இரண்டு பூச்சு பூசி மறைத்தாள்.

"போன மாசமும் வழுக்குச்சுன்னீங்களேம்மா."

"எங்க வீட்டு டைல்ஸ் அப்படி."

கேமராவை வலது பக்கமே வைக்கச் சொன்னேன். மகன் பரிதிக்குப் பிடிக்குமென்று சேப்பங்கிழங்கு வறுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். சாப்பிட்டிருக்கிறான்.

ஜூன் 5, வியாழன்

வளசரவாக்கம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தேன். நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. "வயித்துப் புள்ளைய கலைச்சியேடி, நீ நல்லாருப்பியா?" என்று சொல்லிச் சொல்லி முதுகில் குத்தினாள். போன வருடம் ராஜநாச்சியார் செய்த காரியம் அது. கடைக்காரர்தான் பிடித்து விலக்கினார்.

என்னைக் குத்தினாளா, வேறு யாரையோ குத்தினாளா, தெரியவில்லை. போலீசைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பரிதியிடம் சொன்னபோது சிரித்தான். "நீ நல்லா நடிக்கறேன்னு அர்த்தம்மா" என்றான். பிறகு அவனே தைலம் தேய்த்துவிட்டான். அவன் கை அப்படி மெதுவாக இருக்கும், வேண்டுமென்றால்.

ஜூன் 9, திங்கள்

டைரக்டர் ஜெயபாலன் மதியம் கூப்பிட்டு உட்காரவைத்தார். பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களாம். சேனலில் முடிவு செய்துவிட்டார்கள்.

"பதினோரு வருஷமா நாச்சியார் எல்லாரையும் அடிச்சாச்சு லோசனிம்மா. இப்ப அவ அடி வாங்கணும். மருமக அடிச்சா எடுபடாது. மகன் அடிக்கணும். வீரா கை ஓங்குறான், பெத்த தாய அறையுறான். தமிழ்நாடே கை தட்டும்."

சரி என்றேன். என் வேலை அது.

வீராவாக நடிப்பவன் நிரஞ்சன், மைசூர்ப் பையன். ஓரளவு தமிழ் கற்றுக்கொண்டுவிட்டான். நிஜமாகவே என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

முதலில் வீராவாக நடித்தது என் பரிதிதான். தொடர் ஆரம்பித்தபோது அவனுக்குப் பதினான்கு. அவன் அப்பா தவறிய வருடம் அது. தனியாக வீட்டில் விட மனமில்லாமல் கூடவே அழைத்துப் போனேன், அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் நடித்தான். கதையை ஏழு வருடம் தள்ளி நகர்த்தியபோது பரிதிக்கு உயரம் போதாது என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் முகத்தை நிறுத்தி, கீழே "இவருக்குப் பதில் இனி இவர்" என்று போட்டு, பக்கத்தில் நிரஞ்சன் முகத்தைக் காட்டினார்கள். அதைப் பரிதி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தான். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் அமையவில்லை. அன்றைக்கே நானும் தொடரைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்கிறான்.

இந்தக் காட்சியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

படப்பிடிப்பு இல்லை. மாவு அரைத்தேன். பீரோ கதவில் விரல் நசுங்கிவிட்டது. எழுதுவது சிரமமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

காலையில் பரிதியே டீ போட்டுக் கொடுத்தான். நான் வசனம் படிக்க, எதிர் வசனம் அவன் சொன்னான். ஒரு முறை கேட்டால் போதும், அவனுக்கு மனப்பாடம். வீராவின் வசனத்தை நிரஞ்சன் சொல்வதற்கும் இவன் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம். சொல்லும்போது தொண்டை லேசாக இறுகும், கண் மட்டும் சிரிக்கும். இதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒரு மணி நேரம் நன்றாக இருந்தோம்.

பிறகு என் போனில் வந்திருந்த அடுத்த வாரக் காட்சிகளைத் தள்ளித் தள்ளிப் படித்தான்.

"வீரா உன்ன அடிக்கப்போறானா?"

"கதைடா."

"நான் இருந்திருந்தா எனக்குத்தான வந்திருக்கும் இந்த சீன்."

சிரித்தபடிதான் சொன்னான். டீ டம்ளர் சுவரில் பட்டு உடைந்தது. நாற்காலி சாய்ந்தது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் கீறல். அடுத்த வாரம் முழுக்க ஜாக்கெட்டுக்குக் கழுத்து ஏற்றித் தைக்கச் சொல்ல வேண்டும். நாச்சியாருக்கு அதுவும் எடுப்பாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் என் மடியில் தலை வைத்து அழுதான். தலையைக் கோதிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

கூடத்துக் காட்சி. மயில்கழுத்துப் பட்டு, உயர்கழுத்து ஜாக்கெட், காசுமாலை. இதை முழுதாக எழுதிவைக்க நினைக்கிறேன்.

அறைகிற காட்சியொன்றும் பெரிய வித்தையில்லை. அடிக்கிறவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வீசுவார். வாங்குகிறவர் அதே நொடியில் தலையைத் திருப்ப வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். எத்தனை பேரை இப்படி அறைந்திருக்கிறேன், எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறேன்.

வீரா பேசி முடித்துக் கையை ஓங்கினான். என் இடது கை தானாக எழுந்து காதை மூடிக்கொண்டது. தலை குனிந்து, முதுகு பின்னாலிருந்த தூணைத் தேடிப் போனது.

"கட். லோசனிம்மா, இவன் அடிப்பான்னு நாச்சியாருக்குத் தெரியவே தெரியாது. யாருமே அவள அடிச்சதில்ல. அவ எதுக்குக் கையத் தூக்குறா?"

மறுபடி எடுத்தோம். மறுபடியும் கை எழுந்தது. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன், கை எழவில்லை, ஆனால் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகளாக நடிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். டைரக்டருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த முறை வாயும் பேசிவிட்டது. "வேணாம் பரிதி, மூஞ்சில வேணாம், நாளைக்கு ஷூட்டிங் இருக்கு."

வசனத்தில் அப்படி எதுவும் கிடையாது.

பெயர் வாய் தவறி வந்துவிட்டது என்றேன். பரிதிதான் முதலில் வீராவாக நடித்தவன், பழைய பழக்கம் என்றேன். நிரஞ்சன் தரையில் உட்கார்ந்து, "சார், நான் பண்ண மாட்டேன் சார்" என்றான்.

நான் அவன் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "ஓங்கிட்டு நிறுத்தாத. நிஜமாவே அடி. அப்ப சரியா வரும்."

"எப்படிம்மா?"

"வர்ற கையத்தான் தாங்க முடியல. பட்டுடுச்சுன்னா நிப்பேன்."

கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். முழுக் கையாக விழுந்தது. காதுக்குள் சத்தம் கேட்டது, உதட்டுக்குள் ரத்தம் உப்பாக இருந்தது. நான் அசையவில்லை. நிமிர்ந்து நின்று அவனைப் பார்த்தேன். ராஜநாச்சியார் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார்.

எடுத்தது நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 21, சனி

ரெஜினா வீட்டுக்கே வந்துவிட்டாள். மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். பரிதி தூங்கிக்கொண்டிருந்தான்.

"என் கூட வந்துடுங்கம்மா. எங்க வீடு சின்னதுதான், ஆனா யாரும் கை ஓங்க மாட்டாங்க."

"நீ என்ன பேசற?"

"ரெண்டு வருஷமா உங்க மூஞ்சிய நான்தான் பூசறேன். எந்தக் கலருக்கு எந்தக் கலர் போடணும்னு எனக்குத் தெரியாதா? வழுக்கி விழுந்தா விரல் தடம் விழுமாம்மா?"

அதிகப்பிரசங்கி என்று திட்டி அனுப்பினேன். குழம்பை வாங்கிக்கொண்டேன். படியிறங்கும்போது அவள் அழுதாள் போலிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

முன்னோட்டம் போட்டுவிட்டார்கள். நான் அறை வாங்குவதை அரை மணிக்கு ஒரு தரம் காட்டுகிறார்கள். காய்கறிக்காரர், பால்காரர், கீழ்வீட்டு மாமி, எல்லோருக்கும் சந்தோஷம். "நல்லா வேணும் உனக்கு" என்று மாமி சிரித்தபடி என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

பரிதி முன்னோட்டம் வரும்போதெல்லாம் சத்தத்தை ஏற்றுகிறான்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு வார்டு. எழுத வலது கை இருக்கிறது.

ஜூலை 5, சனி

இப்போதே எழுதாமல் விட்டால் பிறகு வேறு மாதிரி எழுதிவிடுவேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை ஒளிபரப்பான காட்சியை வியாழன் மதியம் மறு ஒளிபரப்பு செய்தார்கள். எனக்கு அன்று வேலையில்லை. பரிதி என்னைச் சோபாவில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னான். அறை விழுந்தது. முடிந்ததும் போனில் அதே காட்சியை எடுத்து, நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டான்.

"அவன் அடிச்சா மட்டும் நிமிந்து நிக்கற. நான் கையத் தூக்கினாலே மூலைக்குப் போற. ஏன்?"

"அது நடிப்பு."

"பொய். நிஜமா அடிச்சிருக்கான். எனக்குத் தெரியாதா? ரத்தம் நிஜம். எழுந்து நில்லு. அவன் முன்னாடி நின்னியே, அப்படி நில்லு."

நின்றேன். கையை ஓங்கினான். என் கை எழுந்துவிட்டது. காதோடு சேர்த்து அறைந்தான். மறுபடி நிற்கச் சொன்னான். மறுபடியும் எழுந்தது. தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கில் ரத்தம் வந்தது. "கையக் கீழ போடு" என்று கத்தினான். போட முடியவில்லை. உள்ளே போய்ச் சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தான். எழுந்த கையின்மேலேயே அடித்தான். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தான். முதுகில், இடுப்பில், விழுந்த பிறகு காலில். அவன் வாயில் எச்சில் நுரைத்திருந்தது. நான் பெற்ற முகம். அப்போதும் அதில் அந்தப் பதினான்கு வயதுப் பையனைத் தேடினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது கதவைத் திறந்து வெளியே வந்தேன். செருப்பில்லை. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நாச்சியார் மேடம்தான? ஷூட்டிங்கா? ரத்தம்லாம் அப்படியே நிஜமாட்டம் போட்டிருக்காங்க."

என் கை தொங்குவதைப் பார்த்ததும் என்னை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

பணியிலிருந்த டாக்டர் சின்னப் பெண். குளியலறையில் விழுந்துவிட்டேன் என்றேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"விழறவங்க கைய ஊனுவாங்க, மணிக்கட்டு உடையும். உங்களுக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல உடஞ்சிருக்கு. கையத் தூக்கித் தடுத்தாத்தான் இங்க உடையும். இது புதுசு. இங்க பாருங்க, பக்கத்துல ஒண்ணு தானா கூடியிருக்கு. அது பழசு. யாரும்மா அடிச்சது?"

போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள், நான் விழுந்தேன் என்றுதான் சொல்வேன் என்றேன்.

என் மகன் என்னை அடிக்கிறான். இளம்பரிதி. என் மகன். இரண்டு வருடத்துக்கு மேலாக அடிக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

டைரக்டர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கட்டு ஆறு வாரம் இருக்கும்ங்கறாங்க. உங்கள விட்டுட்டு எடுக்க முடியாது. கதைலயே சேத்துடலாம்மா. நாச்சியார் மாடிப்படில விழுந்துட்டான்னு ஒரு வரி. பத்து நிமிஷ வேலை."

எத்தனை சுலபமாகச் சொன்னார். நானும் இந்தக் குறிப்புகளில் அத்தனை சுலபமாகத்தான் எழுதிவந்திருக்கிறேன். அவராவது சம்பளத்துக்குச் செய்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கட்டிலருகே ரெஜினா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். திட்டி அனுப்பியதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாளைக்கு என்கூட ஸ்டேஷனுக்கு வரியா?" என்று கேட்டேன்.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "வரேன்மா" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

மகளிர் காவல் நிலையம். நாங்கள் நுழைந்ததும் காவலர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் போனை எடுத்துப் படம் பிடிக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் தாழ்த்தினாள். இன்ஸ்பெக்டர் கோமளா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க அம்மா உங்களுக்கு தெனமும் சாபம் விடுவாங்க. நீங்க இப்படி வந்து நிக்கிறத என்னால நம்ப முடியல."

சொன்னேன். முதல் வாக்கியம்தான் கடினமாக இருந்தது. பிறகு தானாக வந்தது. நசுங்கிய விரல், கழுத்துக் கீறல், தானாகக் கூடிய எலும்பு, எல்லாம். ஒரு பெண் காவலர் எழுதிக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் பரிதியை அழைத்துவந்தார்கள். சவரம் செய்யாமல், நான் துவைத்து மடித்துவைத்த நீலச் சட்டையில் வந்தான். என் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். அப்படியே மண்டியிட்டு என் காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா, எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலம்மா. உன்ன விட்டா எனக்கு யாரும்மா இருக்கா? வீட்டுக்குப் போலாம்மா. இனிமே தொட மாட்டேம்மா."

அவன் முதுகு குலுங்கியது. கண்ணீர் என் பாதத்தில் விழுந்து சூடாக இறங்கியது. எழுதிக்கொண்டிருந்த காவலர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பெத்த புள்ளம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "கேஸ் போட்டா இன்னிக்கே உள்ள போயிடுவான். வேணும்னா இனிமே செய்ய மாட்டேன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பறேன். அதுவா, கேஸா, நீங்கதான் சொல்லணும். இல்ல, இவன் நடிக்கிறானா? உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். கிளிசரின் அழுகை, வெங்காய அழுகை, கேமராவுக்காக ஒற்றைக் கண்ணில் வரவழைக்கிற அழுகை, எல்லாம் பார்த்திருக்கிறேன். நானும் அழுதிருக்கிறேன். இவன் தொண்டை அடைத்துக்கொண்டதும் காது மடல் சிவந்ததும் யாராலும் செய்துகாட்ட முடியாதவை. அவன் தலையில் கை வைத்தேன். முடி சூடாக இருந்தது.

"நடிக்கல மேடம்" என்றேன். "நிஜமாத்தான் அழறான். போன தடவையும் நிஜமாத்தான் அழுதான். அதுக்கு முன்னாடியும்."

இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பரிதி என் காலை இன்னும் இறுக்கினான். கையெழுத்துப் போட்டேன். பத்மலோசனி. எழுத்து நேராக வந்தது.

பேனாவை வைத்த சத்தத்தில் அவன் நிமிர்ந்தான். அழுகை நின்றிருந்தது. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு காவலர்கள் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான்.

ஜூலை 8, செவ்வாய்

காவலில் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இரவில் மூச்சடைக்கும், மூக்குச் சொட்டு மருந்து கொண்டுபோனேன். வெளியிலிருந்து மருந்து வாங்க மாட்டோம், டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். திரும்ப எடுத்துவந்தேன்.

வீட்டில் சுவரிலிருந்த ரத்தத்தை ரெஜினா தேய்த்துக் கழுவினாள். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உதவவும் முடியவில்லை. வேலை முடித்து அரிசி களைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனாள். சாயங்காலம் வருகிறேன் என்றிருக்கிறாள்.

பிற்பகல். தனியாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கீழே யாரோ பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உடனே உடம்பு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டது.

படியில் காலடிச் சத்தம் ஏறியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்தேன்.